கொல்லிமலை ஏறி இறங்கினால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் காணோம்: 93 மாடல் எம்எம் 540

சேந்தை ஜீப்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் சேந்தமங்கலம். கொல்லிமலையில் மாமனார் வழியில் வந்த இரண்டு ஏக்கர் மிளகுத் தோட்டம் இருக்கிறது, ஊடே கொஞ்சம் காபி. வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஏற வேண்டும். காரவள்ளியில் ஆரம்பித்தால் மேலே போவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. செம்மேடு தாண்டித் தோட்டத்துக்குப் போவது மண்பாதை. மழை பெய்துவிட்டால் அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டரை லோ கியரில் உருட்டித்தான் கடக்க முடியும். அதற்காகவே மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மஹிந்திரா எம்எம் 540 வாங்கினேன். 1993 மாடல், 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சின், நாலு சக்கரமும் இழுக்கும். எனக்கு முன்னால் மூன்று கை மாறிய வண்டி. யார் யார் எதை எதைக் கழற்றினார்கள், எதைப் போட்டார்கள் என்று ஒரு விவரமும் கிடையாது.

பிரச்சினை இதுதான்: வண்டி தண்ணீர் குடிக்கிறது. காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை ரொப்பிவிட்டுக் கிளம்புகிறேன். மலை ஏறி, வேலையை முடித்து, சாயங்காலம் இறங்கி வீட்டில் விடுகிறேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றரை லிட்டர் பிடிக்கிறது. லிட்டர் பாட்டிலில் அளந்து ஊற்றுவதால் கணக்கு தப்பாது. சமதளத்தில் நாமக்கல் போய் வந்த நாளில்கூட அரை லிட்டர் குறையும்.

ஆனால் ஒழுகும் இடம் எதுவும் கண்ணில் படவில்லை. டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, ராத்திரி முழுக்க வண்டிக்கு அடியில் விரித்து வைத்தேன். காலையில் கியர்பாக்ஸ் ஆயில் நாலு சொட்டு இருந்தது. தண்ணீர் ஈரம் இல்லை. ஹோஸ்களைக் கையால் தடவிப் பார்த்தாயிற்று, எல்லாம் காய்ந்திருக்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை காலையில் ஒரு நிமிஷம் வந்து நின்றுவிடும். வெப்ப மீட்டரின் முள் பாதியைத் தாண்டியதே இல்லை. இதுதான் எனக்குப் புரியவில்லை. சூடே ஆகாத வண்டி தண்ணீரை என்னதான் செய்கிறது?

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது கூலண்ட் இல்லை, எங்கள் போர் தண்ணீர்தான். அது டீ நிறத்தில் இருக்கிறது. போன மாதம் ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். பழைய மூடியின் ரப்பர் வத்தல் மாதிரி காய்ந்து போயிருந்தது. ‘எல்லாம் ஒரே சைஸ்தான்’ என்று கடையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டபிறகு தண்ணீர் கூடுதலாகக் குறைகிற மாதிரி ஒரு சந்தேகம்.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் பானெட்டைப் பாதி தூக்கிப் பார்த்துவிட்டு, ‘ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டை இறக்கிடலாம்’ என்றார். எஞ்சினின் மேல் மூடிதான் ஹெட், அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைத்து நிற்கும் தகடு கேஸ்கட். இருபத்தைந்தாயிரம் ஆகுமாம். செலவு செய்ய வேண்டியதென்றால் செய்யத்தான் வேண்டும். ஆனால் இறக்கிப் பார்த்து, ‘கேஸ்கட் நல்லாத்தான் இருக்கு’ என்று அவர் சொல்லிவிட்டால்? தை மாசம் மிளகு பறிப்பு. அதற்குள் வண்டி நிமிர்ந்துவிட வேண்டும். ஹெட்டைத் தொடாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா? இந்த வயசு வண்டிக்குத் தண்ணீர் சம்பந்தமாக நான் பார்த்திருக்க வேண்டிய வேறு வேலைகள் என்னென்ன?


பட்டறை மாமா:

தம்பி, நாமக்கல்லில் முப்பத்தைந்து வருஷம் லாரி எஞ்சின் பார்த்தவன். இப்போது பட்டறையைப் பையன் பார்க்கிறான், நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனைத் திட்டுகிறேன்.

ஹெட்டை இறக்காதே. முதலில் உன் கேள்வியிலேயே ஒரு தப்பு இருக்கிறது, அதைச் சொல்கிறேன். ‘கழுத்து வரை ரொப்பி’ என்று எழுதியிருக்கிறாய். உன் வண்டியில் பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதா, இல்லை கழுத்திலிருந்து ஒரு சின்ன டியூப் நேராகத் தரையைப் பார்த்துத் தொங்குகிறதா? பழைய ஜீப்பில் பெரும்பாலும் டியூப்தான். தண்ணீர் சூடானால் விரியும். பச்சைத் தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் போகும்போது நூற்றுக்கு நாலு பங்கு பெருகிவிடும். எஞ்சினும் ரேடியேட்டருமாகப் பத்து லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள். நானூறு மில்லிக்கு உள்ளே இடம் வேண்டும். நீ இடமே வைக்காமல் அடைத்துவிட்டாய். அது மூடியைத் தள்ளிக்கொண்டு டியூப் வழியாக ரோட்டில் போய்விடும். மறுநாள் நீ மறுபடி ரொப்புவாய், அது மறுபடி துப்பும். நாமக்கல் போய் வந்தால் அரை லிட்டர் என்கிறாயே, அதில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும். ஒழுக்கே இல்லாத வண்டியிலும் இந்தக் கணக்கு வரும்.

ஆகவே கழுத்துக்கு இரண்டு விரல்கடை கீழே தண்ணீரை நிறுத்து. ஒரு குச்சியை விட்டு அளந்து, குச்சியில் கோடு கிழித்துக்கொள். மூன்று நாள் ஊற்றாமல் ஓட்டு, சமதளத்தில் மட்டும். தினமும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது குச்சியை விட்டுப் பார். சூட்டில் மூடியைத் தொட்டுவிடாதே. என் வலது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது, ஒரு சரக்கு லாரியின் மூடி 1989-ல் கொடுத்தது.

அடுத்தது கேஸ்கட். அதற்குக் காசு வேண்டாம், காலை நேரம் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல். நீ கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பார். முதல் சில விநாடி ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றால் அது உள்ளே இருந்த காற்று. உலை கொதிக்கிற மாதிரி விடாமல் வந்துகொண்டே இருந்தால், ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால், அது கேஸ்கட் வழியாகத் தண்ணீருக்குள் கசிகிற சிலிண்டர் காற்று. இன்னொரு நாள் மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, ஒரே நிமிஷத்தில் மேல் ஹோஸை அமுக்கிப் பார். தண்ணீர் இன்னும் சூடாகாத நேரம், அப்போது ஹோஸ் மெத்தென்றுதான் இருக்க வேண்டும். கல் மாதிரி விறைத்திருந்தால் கேஸ்கட்டையோ ஹெட்டையோ சந்தேகப்படு. ஆயில் குச்சியையும் ஆயில் ஊற்றும் மூடியையும் பார், மோர் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறதா என்று. ஒரு நிமிஷ வெள்ளைப் புகை சைலன்சரில் கோத்த ஈரம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இது மூன்றிலும் ஒன்றும் இல்லையென்றால் ரேடியேட்டர் கடைக்குப் போ. மூடிக்குப் பதிலாக ஒரு கைப் பம்பை மாட்டிக் காற்று அடிப்பார்கள், மேலே மீட்டர் இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே அடிக்க வேண்டும். சூட்டில் ஒழுகுவது ஒழுகின இடத்திலேயே காய்ந்துவிடும், அதனால்தான் உன் அட்டைப்பெட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறின எஞ்சினில் அழுத்தம் கொடுத்தால் சொட்டு நின்று முகத்தைக் காட்டும்.

மீட்டர் முள்ளை நம்பாதே. அதன் பல்பு தண்ணீருக்குள் முங்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் இறங்கி அது காற்றில் தொங்க ஆரம்பித்தால் முள் கீழே வந்துவிடும். தொப்பூர் கணவாயில் ஒரு முட்டை லாரி இப்படித்தான் நின்றது. கீழ் ஹோஸ் பிய்ந்து தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. டிரைவர் கடைசிவரை ‘மீட்டர் நார்மல்தான் அண்ணே’ என்றே சொல்லிக்கொண்டிருந்தான். எஞ்சின் இறுகிவிட்டது. முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைசியாக ஒன்று. தெர்மோஸ்டாட் இருக்கிறதா பார், எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கிற வால்வு அது. முள் பாதிக்கு மேலே போனதே இல்லை என்றதும் எனக்கு அதுதான் தோன்றியது. எவனோ கழற்றி வீசியிருப்பான்.


மஞ்சப்பொடி:

எதுக்குங்க இவ்வளவு. ரெண்டு ஸ்பூன் மஞ்சள் தூளை ரேடியேட்டரில் போட்டு ஓட்டுங்க. எங்க தாத்தா அம்பாசடரை அப்படித்தான் எட்டு வருஷம் ஓட்டினார்.


பட்டறை மாமா:

உன் தாத்தா ஓட்டினார், சரி. அந்த வண்டி கைமாறிப் பட்டறைக்கு வந்தபோது ரேடியேட்டரைப் பிரித்தவன் யாரோ, அவனைக் கேட்டால் வேறு கதை சொல்லுவான். மஞ்சள் தூள், புகையிலை, கடையில் விற்கிற அடைப்புப் பொடி எல்லாம் ஒரே சாதி. ஊசித் துளையை அடைக்கும், உண்மை. நடுக்காட்டில் நின்றால் நானே போடுவேன். ஆனால் அதற்கு எது துளை, எது ரேடியேட்டரின் மெல்லிய குழாய் என்று தெரியாது. இரண்டையும்தான் அடைக்கும். வீடு வந்து சேர்ந்ததும் கழுவி எடுத்துவிட வேண்டும்.


கோத்தகிரி நாலுசக்கரம்:

சேந்தை அண்ணா, என்னிடமும் இதே எஞ்சினோடு ஒரு 540 இருக்கிறது, உங்களுடையதைவிட ஐந்து வருஷம் மூத்தது. மாமா எழுதியதற்குக் கீழே என் பங்கு.

உங்கள் சந்தேகமே சரியாக இருக்கலாம், அந்த மூடியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அதன் மேலேயோ உள்ளேயோ ஒரு எண் அடித்திருக்கும். பழைய ஜீப்புக்கெல்லாம் குறைந்த அழுத்தத்து மூடிதான், என் வண்டியில் 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு). இப்போதைய கார்களுக்கு 13, 16 என்று வரும், அதில் 0.9, 1.1 என்று பார் கணக்கிலும் எழுதியிருப்பார்கள். கழுத்து ஒரே அளவு என்பதால் மாட்டிவிடலாம். ஆனால் உள்ளே அழுத்தம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். முப்பது வருஷத்து ஈயப் பற்று, பழைய ஹோஸ், வாட்டர் பம்பு சீல் எல்லாம் அதைத் தாங்க வேண்டும். எது வீக்கோ அது முதலில் விடும்.

அதற்காக மூடியில் அழுத்தமே தேவையில்லை என்றும் அர்த்தமில்லை. நல்ல 7 பிஎஸ்ஐ மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட சமதளத்தில் 111 டிகிரி வரை கொதிக்காது. மூடி பிடிக்கவில்லையென்றால் நூறிலேயே கொதிக்கும், கொல்லிமலை உயரத்தில் 96-லேயே கொதித்துவிடும். மலையில் ஓட்டுகிறவனுக்கு மூடிதான் முதல் பாகம். நான் இரண்டு வருஷத்துக்கு ஒன்று மாற்றிவிடுவேன்.

போர் தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். டீ நிறம் என்பது உங்கள் எஞ்சின் பிளாக்கின் துருதான். அதோடு உப்பு, சுண்ணாம்பு. வீட்டில் வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் சிலிண்டரைச் சுற்றியும் படிகிறது. பாட்டரிக்கு ஊற்றுகிற வாலைவடி தண்ணீர் பாதி, கூலண்ட் பாதி. ஊட்டியில் உறைபனி விழுவதால் எனக்கு அது இரண்டு வகையில் உபயோகம். உங்களுக்குப் பனி இல்லை, ஆனால் துருத் தடுப்பும் பம்பு சீலுக்கு வழுவழுப்பும் வேண்டும், கொதிநிலையும் கொஞ்சம் ஏறும். ‘நல்லதுதானே’ என்று தண்ணீரே கலக்காமல் ஊற்றிவிடாதீர்கள். வெறும் கூலண்டுக்குச் சூட்டை அள்ளும் திறன் தண்ணீரைவிடக் குறைவு. கலந்தே விற்பதும் உண்டு, டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நிறத்தை வைத்து ரகத்தை முடிவு செய்ய முடியாது, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு சாயம் போடுகிறது. நம்முடையது செம்பு, பித்தளை, ஈயப் பற்று வைத்த ரேடியேட்டர். அதற்குச் சிலிக்கேட் கலந்த பழைய ரகத்தைத்தான் ஊற்றுகிறேன். ஆயுள் இரண்டு வருஷம்தான், போகட்டும். ஐந்து வருஷ ரகம் அலுமினிய ரேடியேட்டருக்காக வந்தது. இரண்டையும் கலக்கவே கூடாது. கலந்தால் துருத் தடுப்பு சீக்கிரம் செத்துவிடும், சமயத்தில் கூழாகிவிடும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். வடித்த கூலண்டைத் திறந்த தட்டில் வைக்காதீர்கள். இனிக்கும், நாய் பூனை நக்கிவிடும். கொஞ்சம் போனாலே கிட்னி போய்விடும். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நல்ல வேட்டை நாய் அப்படித்தான் செத்தது. அன்றிலிருந்து நான் மூடி போட்ட கேனில்தான் வடிக்கிறேன்.


சேந்தை ஜீப்காரன்:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். மாமா சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

டியூப் தரையைப் பார்த்துத்தான் தொங்குகிறது. இரண்டு விரல்கடை விட்டு, மூங்கில் குச்சியில் பிளேடால் கோடு போட்டு, மூன்று நாள் நாமக்கல்லும் ராசிபுரமும் போய் வந்தேன். முதல் நாள் துளி இறங்கியது, அப்புறம் மூன்று நாளும் சேர்த்தே கால் லிட்டர் இல்லை! இரண்டு வருஷமாக அரை அரை லிட்டராக நானே ரோட்டுக்கு ஊற்றியிருக்கிறேன். பெண்டாட்டியிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது.

குமிழி இல்லை. காலையில் மகன் ஸ்டார்ட் செய்ய நான் டார்ச்சோடு ஐந்து நிமிஷம் கழுத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு குமிழி வந்தது, பிறகு தண்ணீர் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். மேல் ஹோஸ் மெத்தென்றுதான் இருந்தது. ஆயில் கறுப்பாக இருக்கிறது, வெளுக்கவில்லை. அதோடு இருபத்தைந்தாயிரம் தப்பியது.

ஆனால் நாலாம் நாள் மலை ஏறினேன். திரும்பி வந்து மறுநாள் குச்சியை விட்டால் ஒரு லிட்டர் காணோம். இது துப்பியது இல்லை, ஒழுக்கு.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன்: 0.9. கோத்தகிரித் தம்பி வாயில் சர்க்கரை போட வேண்டும்.

ரேடியேட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். நாமக்கல்லில் லாரிக்காரர்களுக்கென்றே இருக்கிற கடை அது, ஜீப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். காற்றடிக்கும் பம்பை மாட்டி 7 வரை அடித்தார்கள். முள் அசையாமல் நின்றது. பத்து நிமிஷம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் 7. ‘ஒழுக்கே இல்லையேண்ணா’ என்றார் கடைக்காரர். அங்கே வேலை பார்க்கிற பையன், பதினெட்டு வயசு இருக்கும், சும்மா நிற்காமல் விசிறி இறக்கை ஒன்றைப் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டினான். ‘டொக், டொக்’ என்று சத்தம் வந்தது. விசிறி சுற்றத்தான் வேண்டும், இப்படி ஆடக் கூடாது என்றான். அவன் ஆட்டிக்கொண்டிருக்கும்போதே முள் 6-க்கு இறங்கியது.

கீழே படுத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சரித்துப் பிடித்துக் காட்டினான். விசிறி மாட்டியிருக்கும் வாட்டர் பம்பின் அடிவயிற்றில் பட்டாணி அளவுக்கு ஒரு துளை. அதன் உதட்டில் பழுப்பாக ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. அடுத்தது திரண்டது. துளையிலிருந்து கீழே துருப்பிடித்த வால் மாதிரி ஒரு கறை, நீளம் மூன்று விரல். மூன்று வருஷமாகப் பானெட்டைத் திறந்து பார்க்கிறேன், அந்தத் துளை இருப்பதே எனக்குத் தெரியாது.

அது ஓட்டை விழுந்தது இல்லையாம், வேண்டுமென்றே வைத்த துளை. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரவும், நமக்குத் தெரியவும். பேரிங் ஆடுவதால் எஞ்சின் வேகமெடுக்கும்போது மட்டும் சீல் விலகியிருக்கிறது. வந்த சொட்டை விசிறி தூளாக அடித்து எஞ்சின் மேலேயே இறைத்திருக்கிறது, அது அங்கேயே காய்ந்துவிட்டது. நின்றதும் சீல் மூடிக்கொள்ளும். என் அட்டைப்பெட்டி ஏன் ஈரமாகவில்லை என்று இப்போது புரிந்தது. 0.9 மூடி போட்டபிறகு ஏன் கூடியது என்பதும்.

பம்புக்குள் போடுகிற கிட் மட்டும் வாங்கலாமா என்று கேட்டேன். பேரிங் உட்காரும் இடமே தேய்ந்திருந்தது, அதனால் புதுப் பம்பு. கழற்றும்போதே மற்றதையும் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தால் உள்ளே வெறும் காற்று, மாமா சொன்னபடி. பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வடிகுழாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தினோம், முதலில் சேறு மாதிரி வந்தது, பிறகு கரகரவென்று துருப் பொடி, அப்புறம்தான் தண்ணீர். ஒரு கைப்பிடி இருக்கும் அந்தச் சேறு. வண்டிக்குள்ளே வண்டல் தங்குகிற ஏரியே இருந்திருக்கிறது.

ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டார்கள். கீழ்க் குழாய்களில் கால்வாசி அடைத்திருந்ததாம். முன்பக்கம் தகடுகளுக்கு நடுவே புல் விதை, பூச்சி, காய்ந்த மண். அதை எஞ்சின் பக்கமிருந்து முன்னால் பார்த்து மெல்லத் தண்ணீர் அடித்து எடுத்தார்கள். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போகும் என்றார்கள், தகடும் மடங்குமாம்.

இரண்டு கேள்வி. தெர்மோஸ்டாட் கட்டாயம் போட வேண்டுமா? சமதளத்து நண்பர்கள் எல்லாரும் ‘நம்ம வெயிலுக்கு எதுக்கு’ என்கிறார்கள். அப்புறம், இவ்வளவு செலவு செய்தாயிற்று, இத்தோடு வேறு எதையும் மாற்றிவிட வேண்டுமா?


பட்டறை மாமா:

அந்தப் பையனுக்கு ஒரு நூறு ரூபாய் கூடக் கொடுத்தாயா, இல்லையா?

தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டிலேயே ஓடும். டீசல் முழுதாக எரியாது, கரி கட்டும், ஆயிலில் ஈரம் தங்கும், சிலிண்டர் தேயும், டீசலும் கூடக் குடிக்கும். சில எஞ்சினில் இன்னொரு கூத்து உண்டு. சூடானதும் தெர்மோஸ்டாட் ஒரு பக்கம் ரேடியேட்டர் வழியைத் திறக்கும், மறுபக்கம் குறுக்கு வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும், கொஞ்சம் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிக்கொண்டிருக்கும். மேட்டில் இழுக்கும்போது சூடு கூடத்தான் ஆகும்.

புதுசை மாட்டுவதற்கு முன்னால் சோதித்துவிடு. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நூலில் கட்டித் தொங்கவிடு, அடியில் முட்டக் கூடாது. அதன் மேல் டிகிரி அடித்திருக்கும். சமையல் தெர்மோமீட்டர் இருந்தால் பார், இல்லையென்றாலும் பரவாயில்லை, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் முன்பே அது வாய் பிளக்க வேண்டும். ஆறினதும் மூடிக்கொள்ள வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்ததே திறக்காமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மற்றது: இரண்டு ஹோஸையும் மாற்று, அந்தக் குறுக்கு வழிக்கான பைபாஸ் துண்டு ஹோஸையும் சேர்த்து. அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். கீழ் ஹோஸுக்குள் கம்பிச் சுருள் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதே. பம்பு உறிஞ்சும்போது ஹோஸ் சப்பிப் போகாமல் தாங்குவது அதுதான். விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அமுக்கினால் அரை இஞ்ச் போக வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் புதுப் பம்பின் பேரிங் உன் பேரைச் சொல்லி அழும். எனக்கென்னவோ பழையது அப்படித்தான் செத்திருக்கும்.

விசிறியைச் சுற்றித் தகரக் கூடு இருக்கிறதா? பழைய ஜீப்பில் பாதிக்கு அதைக் காணோம், இடைஞ்சல் என்று கழற்றிவிடுவார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்று தானாக வரும். உன் மண்பாதையில் லோ கியரில் நடைவேகத்தில் போகும்போது விசிறி இழுப்பதுதான் காற்று. கூடு இல்லையென்றால் அது ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் ஓரத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி விடும்.

ரொப்பும்போது வண்டியின் மூக்கை மேட்டைப் பார்த்து நிறுத்து. மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய். தெர்மோஸ்டாட் திறந்ததும் காற்று வெளியேறி மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது ஊற்று. முதல் மூன்று நாள் காலையில் குச்சியை விட்டுப் பார்.


கோத்தகிரி நாலுசக்கரம்:

தரைக்குப் போகிற அந்த டியூபை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விடுங்கள், நுனி டப்பாவின் அடிவரை போக வேண்டும். மூடி மட்டும் திருப்பி உறிஞ்சும் ரகமாக இருக்க வேண்டும், அதில் மேலே இன்னொரு ரப்பர் வளையமும் நடுவில் ஒரு சின்ன வால்வும் இருக்கும். சூட்டில் துப்பியதை ஆறும்போது தானே இழுத்துக்கொள்ளும். ரோட்டுக்கு ஊற்றுகிற வேலை மிச்சம்.

இன்னொன்று, கொல்லிமலையில் ஓடை கடப்பீர்களா என்று தெரியாது. விசிறி முங்குகிற ஆழமென்றால் முன்னதாகவே பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றிவிடுங்கள். தண்ணீரைத் தள்ளும்போது இறக்கை முன்னால் வளைந்து ரேடியேட்டரை வழித்துவிடும். நான் ஒரு ரேடியேட்டரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.


சேந்தை ஜீப்காரன்:

இரண்டு மாதம் ஆகிறது. மிளகு பறிப்பு பாதி முடிந்தது, வண்டி ஓடுகிறது.

எல்லாம் போட்டாயிற்று: பம்பு, தெர்மோஸ்டாட், மூன்று ஹோஸ், 7 பிஎஸ்ஐ மூடி, பெல்ட், பாதிக்குப் பாதி கூலண்ட். விசிறிக் கூடு எங்கும் கிடைக்கவில்லை, தகரப் பட்டறையில் அளவு கொடுத்து அடித்தேன். முள் இப்போது பாதிக்குச் சற்று மேலே போய் நிற்கிறது. முதல் தடவை பார்த்தபோது பயந்து வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். அப்புறம்தான், இவ்வளவு நாளும் அது குளிராக ஓடியிருக்கிறது, இதுதான் அதன் சரியான சூடு என்று உறைத்தது.

டப்பாவும் வைத்தாயிற்று. அதில் மகனின் பெயிண்டால் இரண்டு கோடு: ஆறினால் கீழ்க்கோடு, சூட்டில் மேல்கோடு. டாஷ்போர்டு பெட்டியில் ஒரு நாப்பது பக்க நோட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து டப்பா மட்டம், பெல்ட், பம்புத் துளையில் புது வால் ஏதாவது, விசிறி ஆட்டம் என்று பார்த்து எழுதிவிடுகிறேன். ஐந்து நிமிஷம். கூலண்ட் ஊற்றிய தேதியும் அட்டையில் இருக்கிறது.

ஒரே ஒரு தொல்லை. மார்கழியில் இரண்டு ராத்திரி தோட்டத்திலேயே தங்கினேன், நல்ல குளிர். விடிகாலையில் பார்த்தால் மேல் ஹோஸ் மூக்கில் பச்சையாக ஒரு சொட்டு நின்றது. ஓட்டி இறங்கியபின் சுத்தமாகக் காய்ந்துவிட்டது, வீட்டில் வைத்தால் ஒழுகவே இல்லை. கிளிப்பை ஒரு சுற்று இறுக்கினேன், மறுதடவை தங்கியபோது மறுபடியும் அதே சொட்டு. இன்னும் இறுக்கலாமா?

பையனுக்கு இருநூறு கொடுத்தேன் மாமா.


பட்டறை மாமா:

இறுக்காதே, புது ஹோஸை அறுத்துவிடும். குளிரில் ரப்பரும் இரும்பும் ஒரே அளவாகச் சுருங்காது, அந்த இடைவெளியில் வருகிற சொட்டு அது. சூடானால் விரிந்து மூடிக்கொள்ளும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹோஸைக் கழற்று. அது மாட்டுகிற வாயில் பழைய ரப்பர் ஒட்டிக் கறுப்பாக இருக்கும், இல்லையென்றால் துருப்பிடித்துச் சொரசொரவென்று இருக்கும். நயமான உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கி, துணியால் துடைத்து, ஹோஸை முழுக்க உள்ளே தள்ளி, கிளிப்பை அந்த வாயின் மேட்டுக்குப் பின்னால் உட்கார வை. மேட்டின் மேலேயே கட்டியிருப்பாய்.


சேந்தை ஜீப்காரன்:

மேட்டின் மேலேதான் கட்டியிருந்தேன் மாமா. நேற்று சரி செய்துவிட்டேன். வியாழக்கிழமை தோட்டத்தில் தங்குகிறேன், வெள்ளி காலை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.